எதிர்ப்பார்ட்டி கேட்ட வீடு

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரியை மகள் தேன்மொழி கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருக்கிறாள். முதல் பக்கத்தில், "பேச ஆள் இல்லாதப்ப இதுல எழுதுங்கப்பா" என்று ஒரு குறிப்பு வேறு. பேச ஆள் இல்லை என்று யார் சொன்னது? பால்காரர் வருகிறார். பேப்பர்காரர் வருகிறார். எதிர்வீட்டு நாய் வருகிறது.

மனைவி திலகவதி சிம்மக்கல்லில் தன் தங்கை வீட்டுக்குப் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. தங்கை சாந்தாவுக்குக் கண் புரை ஆபரேஷன். "ஒரு வாரம் கூட இருந்துட்டு வர்றேன்" என்று பெட்டியோடு போனாள். இப்போதெல்லாம் மறுநாளே கட்டைப் பிரித்துவிடுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். சொல்லட்டும். சாந்தாவுக்கு இரண்டு கண் இருக்கிறது அல்லவா.

தோசைக்கு அரிசி ஊறப் போட்டதில் பச்சரிசியைப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. தோசை வந்தது. ஆனால் கல்லை விட்டு வரவில்லை.

ஜனவரி 22, புதன்

விளக்குத்தூண் பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கப் போனேன். இங்கே திருப்பாலையிலும் வாளி கிடைக்கும்தான். ஆனால் டவுனில் வகை அதிகம். பஸ் சிம்மக்கல் வழியாகத்தான் போகிறது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தற்செயல். சாந்தா வீட்டு மாடியில் ஒரு ஊதாப் புடவை காய்ந்தது.

டீக்கடையில் வீட்டுப் புரோக்கர் சோணைமுத்துவைப் பார்த்தேன். பத்துத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறதாம். வாங்கி வாடகைக்கு விட்டால் நல்லதுதானே என்று ஒரு யோசனை. வாடகைக்கு மட்டும்தான்.

வாளி வாங்க மறந்துவிட்டது.

ஜனவரி 25, சனி

வீட்டைப் பார்த்துவிட்டேன். பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருடம் ஓவர்சியராக இருந்தவன் நான். ஒரு விரிசல் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. அதனால் எழுதுவதைக் கொஞ்சம் நம்பலாம்.

நாயக்கர் காலத்து அரண்மனையில் மிச்சம் நிற்கும் பத்துத் தூண்களைச் சுற்றி இப்போது ஜவுளிக் கடைகள். ஒவ்வொரு தூணும் நாலு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் அடங்காது. அதன் நிழலில் லுங்கிக் கட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சந்துக்குள் நாலாவது வீடு. அகலம் பதினோரு அடி, நீளம் எழுபது அடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். நடுவில் வானம் தெரிகிற ஒரு முற்றம், அதில் ஒரு கிணறு. சுண்ணாம்புச் சுவர், ஒன்றேகால் அடி கனம். நாணயத்தால் தட்டிப் பார்த்தேன், கணீரென்று கேட்டது. மொட்டை மாடியில் ஏறினால் தெற்குக் கோபுரம் கைக்கு எட்டும்போல் நிற்கிறது.

வீட்டுக்காரர் துளசிராம், சௌராஷ்டிரக்காரர், எழுபத்திரண்டு வயது. பரம்பரையாகச் சாயப்பட்டறை வைத்திருந்தவர்கள். பெங்களூரில் இருக்கிற மகனோடு போய் இருக்கப் போகிறாராம்.

"எதுக்கு சார் அடுக்களை அலமாரியை இத்தனை தடவை அளக்குறீங்க?" என்று கேட்டார்.

ஐந்தடி ஒரு அங்குலம் உயரமுள்ள ஆளுக்கு மேல்தட்டு எட்டுமா என்று பார்த்தேன். எட்டும். சும்மா ஒரு கணக்குக்குத்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

போட்டிக்கு ஆள் இருக்கிறதாம்! சோணைமுத்து போனில் சொன்னார்.

"சார், அந்த வீட்டுக்கு இன்னொரு பார்ட்டியும் இறங்கியிருக்காக. உங்களுக்கு ரெண்டு நாள் முந்தியே பாத்துட்டாக. அவுகளும் அதே வெலைக்குத் தயாருதேன்."

யார் அது என்று கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க சார். ஒரு பார்ட்டியப் பத்தி இன்னொரு பார்ட்டிகிட்டப் பேரு சொல்ல மாட்டேன். இருபத்தாறு வருசமா இதுதேன் என் தொழில் சுத்தம்."

தொழில் சுத்தமாம். சட்டையில் டீக்கறை.

ஜனவரி 29, புதன்

ரசத்தில் புளி அதிகம். முழங்காலுக்குத் தைலம் போட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மறுபடி வீட்டைப் பார்க்கப் போனேன். எதிர்ப்பார்ட்டி நேற்று வந்துவிட்டுப் போனதாம். என்னென்ன கேட்டார்கள் என்று சோணைமுத்துவின் வாயைக் கிளறினேன். பெயரைத்தான் சொல்ல மாட்டாராம். மற்றதெல்லாம் அருவி மாதிரி கொட்டுகிறார்.

"கீழயே மேல்நாட்டுக் கக்கூஸ் கட்ட எடம் இருக்கான்னு கேட்டாக சார். வீட்ல ஒரு ஆளுக்கு முழங்கால் வலியாம், மடக்கி உக்கார முடியாதாம். ஆனா வெளிய சொல்ல மாட்டாராம், ரோசமாம்."

பாவம், யாரோ ஒரு கிழம்.

"அப்பறம் கெணத்து ராட்டினம் கிறீச்சுங்குதுல்ல, அத மாத்தணும்ண்டாக. அந்த ஆளு சத்தம் கேட்டா எரிஞ்சு விழுவாராம்."

சிரித்துவிட்டேன். பத்துத்தூணுக்கு நடுவில் குடிவந்துவிட்டு சத்தம் கூடாதாம்! அப்படிப்பட்ட ஆளை ஊருக்கு வெளியே எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டியதுதானே என்றேன். சோணைமுத்து, "அப்பிடித்தேன் சார் இருந்திருக்காக" என்றார்.

எனக்கு அமைதி பிடிக்கும் என்பது வேறு விஷயம். அதற்காகத்தான் தொண்ணூற்று நாலில் திருப்பாலையில் மனை வாங்கிக் கட்டினேன். அதுவரை தவிட்டுச்சந்தையில் வாடகை வீடு. திலகவதி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடுவாள். திருப்பாலைக்கு வந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் பஸ் ஏற வேண்டியிருந்தது.

பிப்ரவரி 5, புதன்

தேன்மொழி போன் செய்தாள். அம்மா நன்றாக இருக்கிறாளாம். தினமும் சாயங்காலம் கோயில், புதுமண்டபம், பழைய மாணவிகள் என்று ஒரே சுற்றாம். "அப்பா, நீங்க ஒரு தடவ போன் பண்ணலாம்ல?" என்றாள். அவளும்தான் பண்ணவில்லை என்றேன். "சண்டையில யாரு தப்பு பண்ணினதுன்னு பாத்துத்தான்ப்பா யாரு போன் பண்றதுன்னு இருக்கு" என்றாள். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம்.

சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கார்த்திகை மாதம் ஒரு சின்னப் பேச்சு வந்தது. எல்லா வீட்டிலும் வருவதுதான்.

முற்றத்து நந்தியாவட்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் வைத்த செடி. வாடினால் பார்க்க நன்றாக இருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு தந்திரம் செய்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் ஒன்பது குறை என்று ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதினேன். கிழக்குச் சுவரில் விரிசல், உத்தரத்தில் கரையான், முற்றத்தில் ஓதம் என்று. பெயர் போடவில்லை. "இது ஒரு நிபுணர் கருத்து, எதிர்ப்பார்ட்டிக்குக் காட்டுங்க" என்று சோணைமுத்துவிடம் கொடுத்தேன். பயந்து ஓடட்டும் என்றுதான். விரிசல் பூச்சில் மட்டும் இருக்கிறது, சுவரில் இல்லை. கரையான் இருந்தது உண்மை, ஆனால் அது எந்தக் காலத்திலோ செத்துப் போன கரையான்.

பிப்ரவரி 12, புதன்

தந்திரம் பலிக்கவில்லை. தாளைப் பார்த்துவிட்டு எதிர்ப்பார்ட்டி அதை மறுபடி முதலிலிருந்து படித்ததாம். பிறகு சிரித்ததாம். பிறகு பர்ஸிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, "பூச்சுதான் வெடிச்சிருக்கு, சுவர் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதாம்.

"நாணயத்தால தட்டிப் பாக்க அவங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். அது எங்கள் துறை ஆட்கள் செய்கிற வேலை.

"வீட்டு ஆளு சொல்லிக் குடுத்தாராம் சார். கல்யாணமான புதுசுல."

அப்படியானால் அந்த முழங்கால்வலிக் கிழம் நம் துறைதான்! யாராக இருக்கும்? மேலூர் செக்ஷன் ராஜாமணியாக இருக்கலாம். அவனுக்கு மூட்டுவலி உண்டு, ரோசமும் உண்டு. மூளை மட்டும் கிடையாது.

இந்த எதிர்ப்பார்ட்டி அந்தத் தாளைத் திருப்பித் தரவில்லையாம். தன்னிடமே இருக்கட்டும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டதாம்.

பிப்ரவரி 15, சனி

சோணைமுத்து அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். மரியாதைக்கு டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், பிறகு அதைத் தொடவே இல்லை.

சுவரில் திலகவதியின் பணி நிறைவு விழா போட்டோ மாட்டியிருக்கிறது. கழுத்தில் மாலை, கையில் சால்வை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு சார்?"

"என் வீட்டம்மா. டீச்சரா இருந்து போன மே மாசம் ரிட்டயர் ஆனாங்க."

"இப்ப எங்க இருக்காக?"

"தங்கச்சி வீட்ல. சிம்மக்கல். ஆபரேஷனுக்கு ஒத்தாசையா."

மனிதருக்குத் திடீரென்று புரை ஏறிவிட்டது. அரை டம்ளர் தண்ணீர் குடித்தும் இருமல் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர இருமினார், நடுவில் சிரித்த மாதிரியும் இருந்தது. டீயில் இஞ்சி கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இந்த வீடு உங்களுக்குத்தேன். எப்பிடியும் உங்களுக்குத்தேன்" என்றார். முந்தாநாள் வரை இப்படிச் சொன்னதில்லை. சுவர்களைப் பற்றிய என் அறிவு அவரை அசைத்துவிட்டது போலிருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

துளசிராம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே விலை சொல்கிறோம், இரண்டு பேரும் நல்லவர்களாம். ஏலம் விடுகிற மாதிரி விலையை ஏற்றிக்கொண்டே போக அவருக்கு இஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை சந்து முனையில் இருக்கிற மாரியம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்ப்போம் என்கிறார். எனக்குச் சிவப்புப் பூ, எதிர்ப்பார்ட்டிக்கு வெள்ளைப் பூ. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவது. ஒன்றை எடுப்பது. எது வருகிறதோ அவருக்கு வீடு.

பெண் பார்க்கவும், தொழில் தொடங்கவும், ஊர் விட்டு ஊர் போகவும் இந்த ஊரில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். என் கல்யாணத்துக்கே பார்த்தார்கள். அப்போது வெள்ளை வந்தது. வெள்ளை வந்தால் கட்டலாம் என்று வைத்திருந்தார்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

எதிர்ப்பார்ட்டி வரவே இல்லை. "அவுகளுக்கு அம்மன் மேல நம்பிக்கை இருக்காம் சார், எது வந்தாலும் சரிண்டுட்டாக" என்றார் சோணைமுத்து. சன்னிதி வாசலில் பூ விற்கிற அம்மாதான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். துளசிராம் பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

துளசிராம் என் தோளைத் தட்டி, "வருத்தப்படாதீங்க சார். அம்பாள் ஒரு கணக்குப் போட்டுத்தான் செய்வா" என்றார். நான் வருத்தப்படவில்லை என்றேன். வாடகைக்கு விடத்தானே கேட்டேன், ஊரில் வேறு வீடா இல்லை என்றேன். சொல்லிவிட்டுச் செருப்பைக் கால் மாற்றி மாட்டினேன். வெயில்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வேப்பமரத்தடியில் போட்டுவிடுவது வழக்கம். பூசாரி போட்டார். எல்லோரும் போன பிறகு நான் திரும்பி வந்து அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பத்து நாலு வருடம் அளவுப் புத்தகத்தில் எழுதினதையெல்லாம் நேரில் போய்ச் சரிபார்த்தே பழகியவன். கை சும்மா இருக்கவில்லை.

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைதான்!

பிப்ரவரி 22, சனி

மோசடி. சாமி சன்னிதியிலேயே மோசடி. அந்த ராஜாமணிப் பயல் (அவனேதான்) சோணைமுத்துவைக் கையில் போட்டுக்கொண்டிருக்கிறான். உடனே போய்ச் சண்டை போடலாம் என்று சட்டையை மாட்டினேன். பிறகு கழற்றினேன். மார்ச் ஐந்தாம் தேதி ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அங்கே போய் எல்லோர் முன்னாலும் பொட்டலத்தைப் போட்டு உடைப்பதுதான் சரி.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேன்மொழி போன் செய்தபோது சொல்லிவிட்டேன். வீடு, பூ, மோசடி எல்லாம். அந்த வீடு உங்களுக்கெதுக்குப்பா என்று கேட்டாள். வாடகைக்கு என்றேன். "அப்பா" என்றாள். அவள் அம்மா வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரல்.

அதனால் சொன்னேன். அம்மாவுக்குத்தான் என்று சொன்னேன். சாவியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து, வா என்று கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். வெறுங்கையோடு போய்க் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"அம்மாவுக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு சிரித்தாள், அழுதாள், மூக்கை உறிஞ்சினாள். வரிசை எது என்று சரியாகத் தெரியவில்லை. "அஞ்சாம் தேதி கண்டிப்பா போங்கப்பா. வேட்டி இஸ்திரி போட்டுக் கட்டிட்டுப் போங்க" என்றாள். சண்டை போடப் போகிறவனுக்கு எதற்கு இஸ்திரி?

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. அவள் போயிருப்பாள்.

டைரியில் பொய் எழுதுவதில் அர்த்தமில்லை. கார்த்திகையில் வந்தது சின்னப் பேச்சு இல்லை. மாப்பிள்ளையும் தேன்மொழியும் வந்திருந்த நாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திலகவதி சொன்னாள், "இந்த வீட்டை விட்டுட்டு டவுன்ல ஒரு சின்ன வீடு பாக்கலாங்க. இங்க பகல்ல மனுச முகத்தையே பாக்க முடியல" என்று. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை முன்னாலேயே சொன்னேன்.

"வீடு என் பேர்ல இருக்கு. இருக்க முடிஞ்சா இரு. இல்லேன்னா உன் வழியப் பாத்துக்க."

அவள் கரண்டியை எடுத்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள். ஐந்தாம் நாள் சாந்தாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது.

வீடு என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கடன் பிடித்தமெல்லாம் பதினைந்து வருடம் அவள் சம்பளத்தில் போனது. கொஞ்சம் பஸ் ஏற வேண்டியிருந்தது என்று முன்னால் எழுதியிருக்கிறேன். தினமும் நாலு பஸ், போக இரண்டு, வர இரண்டு, முப்பது வருடம். எனக்கு அமைதி வேண்டும் என்பதற்காக அவள் முப்பது வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியிருக்கவே கூடாது.

மார்ச் 1, சனி

முதல் முறையாக ரசம் ரசம் மாதிரி வந்தது. சொல்ல ஆள் இல்லை.

மார்ச் 5, புதன்

இஸ்திரி போட்ட வேட்டி. சட்டைப் பையில் காய்ந்த பூப் பொட்டலம். மனதுக்குள் பேச வேண்டிய வசனம் எல்லாம் தயார். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முன்னறையில் துளசிராம், பத்திரம் எழுதுகிறவர், சோணைமுத்து. எனக்கு முதுகைக் காட்டி ஊதாப் புடவையில் ஒரு அம்மாள் உட்கார்ந்து, ஒப்பந்தத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். பத்திரம் எழுதுகிறவர் அடி வாங்கப் போகிற பிள்ளை மாதிரி கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

அந்த முதுகை எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடமாகத் தெரியும்.

என் வாயிலிருந்து வசனம் ஒன்றும் வரவில்லை. "திலகா" என்று மட்டும் வந்தது.

அவள் திரும்பவில்லை. "எழுத்துப்பிழை ஏழு இருக்கு, முடிச்சுட்டு வர்றேன். உக்காருங்க. அந்த முக்காலியில வேணாம், முழங்கால் மடங்காது. நாற்காலியில உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கீழே மேல்நாட்டுக் கக்கூஸ். கிறீச்சிடாத ராட்டினம். ரோசம். நாணயத்தால் தட்டிப் பார்க்கிறது. ராஜாமணி, என்னை மன்னித்துவிடப்பா.

சோணைமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் சுத்தம்!

அவள் பேனாவை மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒன்பது குறைகள்.

"வரிசை நம்பர் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஸ்கேல் வச்சுக் கோடு. இந்தக் கோட்டை முப்பத்தஞ்சு வருசமா மளிகை லிஸ்ட்ல பாக்குறேன். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே தெரியுமா? அப்ப ஏன் விட்டுக்கொடுக்கல? ஏன் சொல்லல?"

"நீங்க எதுக்கு இந்த வீட்டைக் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியணும்ல. வாடகைக்கு விடவா, வேற எதுக்காவதான்னு. யாரும் சொல்லலே. போன வாரந்தான் துளசிராம் அண்ணா பேச்சுவாக்குல சொன்னார், நீங்க அடுக்களை அலமாரியை நாலு தடவ அளந்தீங்கன்னு." தாளை மறுபடி மடித்தாள். "எனக்கு எட்டுமா?"

"எட்டும்" என்றேன். "மேல்தட்டும் எட்டும்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

நான் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். சண்டைக்குக் கொண்டுவந்தது, இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. சோணைமுத்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். துளசிராம் மட்டும் அசையவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளைதான் சார். நான்தான் கட்டினேன். நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொஞ்சாதின்னு சோணைமுத்து வந்து சொன்னதும், வியாழக்கிழமையே தனியாப் போய் அம்பாள்கிட்ட நெசமாவே கட்டிக் கேட்டுட்டேன். வெள்ளை வந்துச்சு. வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குக் காட்டத்தான். அம்பாள் ஒரு தடவ சொன்னாப் போதாதா, ரெண்டாவது தடவ எதுக்கு அவளுக்குச் சிரமம்?"

அளவுப் புத்தகத்தில் இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததே இல்லை.

ஒப்பந்தம் திலகவதியின் பெயரில், அவள் அப்பாவின் இனிஷியலோடு. அவளுடைய பணி ஓய்வுப் பணத்தில். நான் பாதி போடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். "வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகச் சொன்னாள், அதுதான் இன்னும் தைத்தது. சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் ஒன்று குறைந்தது. பத்திரம் எழுதுகிறவர் என் பக்கம் நகர்த்தினார். போட்டேன்.

எல்லோரும் வெற்றிலை மாற்றிக்கொண்ட பிறகு முற்றத்தில் நானும் அவளும் மட்டும் நின்றோம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் இரண்டு தலை தெரிந்தது. அந்தக் கார்த்திகை மாதத்துப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். கேட்டேன், அவ்வளவுதான்.

அவள் ராட்டினக் கயிற்றை ஒரு தடவை இழுத்துவிட்டாள். கிறீச்சென்றது. நான் முகம் சுளிக்கிறேனா என்று பார்த்தாள். நான் சுளிக்கவில்லை.

பிறகு சொன்னாள், "வீடு என் பேர்ல இருக்கு. இருக்க முடிஞ்சா இருங்க."

மிச்ச வார்த்தையை அவள் சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சொன்னதை, பாதியோடு நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 23, புதன்

சித்திரை பிறந்து மூன்றாம் நாள் பால் காய்ச்சினோம். பால் பொங்கியது, அடுப்பு அணையவில்லை. சோணைமுத்து முதல் ஆளாக வந்து இரண்டு டம்ளர் குடித்தார். திலகவதி போட்ட டீ அது.

காலை ஐந்து மணிக்குக் கோயில் நகரா முரசு. ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி. ஏழு மணிக்குச் சந்தில் லுங்கிக் கட்டு இறக்குகிறவர்கள் போடுகிற சத்தம். ராட்டினத்தை இன்னும் மாற்றவில்லை. நான்தான் இருக்கட்டும் என்றேன்.

தேன்மொழி போனில் கேட்டாள், "எப்படிப்பா இருக்கு, தூங்க முடியுதா?"

தூங்க முடியவில்லை. வீடு திலகவதி பெயரில் இருக்கிறது. நான் இருக்கிறேன்.